‘24 மணி நேரம் ஸ்டேபிள்’: ஒரு சான்றிதழைப் பற்றிய விமர்சனம்

ஓவர்க்ளாக் பண்றவங்க மத்தியில் ஒரு சொல் ரொம்பப் பிரபலம்: ‘ப்ரைம் ஸ்டேபிள்’. ப்ராசஸரை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேலே ஓட்டணும். ப்ரைம்95 என்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிடணும். காலையில் எழுந்து பார்க்கும்போது பிழை ஏதும் இல்லையென்றால் ஒரு ஸ்க்ரீன்ஷாட். அவ்ளோதான், கணினி ‘ஸ்டேபிள்’. 12 மணி நேரம் தாண்டினால் பாஸ், 24 மணி நேரம் தாண்டினால் டிஸ்டிங்ஷன்.

நானும் அப்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தவன்தான். 3.3 கிகாஹெர்ட்ஸ் நாலு கோர் ப்ராசஸர், 4.5-ல் ஓடியது. 2012 டிசம்பரில் ஒரு ராத்திரி 12 மணி நேரம் ப்ரைம்95 ஓட்டி, பிழையே இல்லாமல் முடிந்ததைப் பெருமையாக நண்பர்களிடம் காட்டினேன்.

2013 மே மாதம் அதே கணினியில்தான் எங்க தாத்தாவோட நெல் மண்டிப் பேரேடுகளை ஸ்கேன் பண்ணினேன். 1951-லிருந்து 1964 வரை, வருஷத்துக்கு ஒன்றாக 14 பேரேடுகள். ஒரு கலம் நெல் எந்த மாசம் என்ன விலை, மூட்டை தூக்கினவங்களுக்கு என்ன கூலி, யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாமே அதில் இருந்தது. சுருக்காத டிஃப் கோப்புகளாக எடுத்து, பேரேட்டுக்கு ஒன்றாக 7-ஜிப்பில் சுருக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டேன். இடம் போதாததால் மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன். 2016-ல் ஊர் வீட்டை விற்றபோது, “அதான் ஸ்கேன் இருக்கே” என்று நானே சொல்லி, பேரேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

போன மாசம் நெல் விலையை வரிசையாக எடுக்கலாம் என்று அந்தக் கோப்புகளைத் திறந்தேன். 12 சரியாகத் திறந்தன. 1956-ம் 1961-ம் டேட்டா எரர். 1956-ல் முதல் முப்பது சொச்சம் பக்கம் வந்தது. 1961-ல் ஒன்பது பக்கம். 7-ஜிப் வழக்கமாகப் பல கோப்புகளை ஒரே நீளமான ஓடையாக்கிச் சுருக்கும். நடுவில் ஒரு இடத்தில் தப்பு நடந்தால் அதற்குப் பின்னால் இருப்பது முழுக்கப் போச்சு.

இரண்டு டிஸ்கிலும் இருந்த காப்பிகளின் ஹாஷை ஒப்பிட்டேன். ஒரு பிட் கூட மாறவில்லை. ஆகவே டிஸ்க் கெட்டுப்போகவில்லை. காப்பி எடுக்கும் முன்னாடியே, சுருக்கும்போதே கோப்பு கெட்டிருக்கிறது. அதாவது, என்னோட ‘ஸ்டேபிள்’ கணினி கெடுத்திருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் என்னை அந்தத் தப்புக்குள் தைரியமாக அனுப்பியது அந்த ஒரு சொல். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அது உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

ஓவர்க்ளாக்கில் உண்மையில் நடப்பது என்ன?

ப்ராசஸருக்குள் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பில் இருந்து கிளம்பும் சிக்னல், நடுவில் இருக்கும் கேட்டுகளை எல்லாம் கடந்து, அடுத்த க்ளாக் துடிப்புக்கு முன்னால் அடுத்த ஃப்ளிப்-ஃப்ளாப்பில் போய்ச் சேரணும். 3.3 கிகாஹெர்ட்ஸில் அதற்கு 303 பிகோ நொடி அவகாசம். 4.5-க்கு ஏற்றினால் 222 பிகோ நொடிதான். ஏதாவது ஒரு பாதைக்கு 225 பிகோ நொடி தேவைப்பட்டால், அங்கே புது மதிப்புக்குப் பதில் பழைய மதிப்போ அரைகுறை மதிப்போ பதிவாகும்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும், பாதைகள் சுருங்கும். ஆனால் மின்சாரச் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதிர்வெண்ணோடும் ஏறும். சூடு கூடும். சூடு கூடினால் பொதுவாகப் பாதைகள் மறுபடி மெதுவாகும். இந்த இழுபறிதான் ஓவர்க்ளாக்கிங்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ப்ராசஸருக்குள் இருப்பது ஒரு பாதை இல்லை, கோடிக்கணக்கான பாதைகள். எந்தக் கட்டளை ஓடுகிறது, எந்த எண்கள் உள்ளே வருகின்றன, அந்த நொடியில் சூடு எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பாதை முதலில் தவறும் என்பது முடிவாகிறது. எல்லாப் பாதையையும் எல்லாச் சூழ்நிலையிலும் தட்டிப் பார்க்கிற டெஸ்ட் என்று ஒன்று கிடையாது.

தயாரிப்பாளர்கள் இதற்காகவே ஒரு இடைவெளி விடுகிறார்கள். சிப் மோசமான சூட்டில், குறைந்த மின்னழுத்தத்தில், சில வருஷம் தேய்ந்த பிறகும் வேலை செய்யணும் என்று கணக்குப் போட்டு வேகத்தை அச்சிடுகிறார்கள். சில சமயம் அந்த இடைவெளி தாராளமாக இருக்கும். நான் பிஇ படித்த காலத்தில் பேசப்பட்ட செலரான் 300ஏ அதற்கு உதாரணம். 1998-ல் வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 மல்டிப்ளையர், மொத்தம் 300. பஸ்ஸை 100-க்கு மாற்றினால் 450. அன்றைய மேல்தட்டு பென்டியம் II-வின் வேகம், பல மடங்கு குறைந்த விலையில். அப்போது டெஸ்ட் என்றால் விண்டோஸ் பூட் ஆகணும், ஒரு கேம் தொங்காமல் ஓடணும். அவ்ளோதான்.

கணிதக்காரங்களிடம் கடன் வாங்கிய கருவி

ப்ரைம்95 ஓவர்க்ளாக்கர்களுக்காக எழுதப்பட்டது இல்லை. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய ‘கிம்ப்ஸ்’ என்ற கூட்டு முயற்சிக்காக எழுதியது. மெர்சென் பகா எண்களைத் தேடுவது அதன் வேலை. 2-ஐ பல லட்சம் தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண்ணா என்று பார்ப்பார்கள்.

அதற்கான லூகாஸ்-லேமர் முறை எளிமையானது. 4-ல் தொடங்கு. வர்க்கமாக்கு, 2 கழி, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை எடு. திரும்பத் திரும்ப இதையே செய். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். அடுக்கு 8,25,89,933 என்றால் இந்தச் சுற்று 8,25,89,931 தடவை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கோடியே நாற்பத்தெட்டு லட்சம் இலக்கம் கொண்ட எண்கள். இதில் எங்கேயாவது ஒரே ஒரு பிட் தப்பினால் அத்தனை நாள் வேலையும் குப்பை. விடையைப் பார்த்து ‘இது கொஞ்சம் தப்பு’ என்று சொல்லவும் முடியாது.

ஆகவே அந்த மென்பொருளுக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பெரிய எண்களைப் பெருக்க அது மிதவைப் புள்ளி எண்களில் ஃபூரியே மாற்றத்தைப் பயன்படுத்துகிறது. விடைகள் முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து விழணும். 0.4-க்கு மேல் விலகினால் எச்சரிக்கும். 0.5 விலகினால் மேலே போவதா கீழே போவதா என்றே சொல்ல முடியாது. ‘டார்ச்சர் டெஸ்ட்’ பகுதியில் இன்னொன்றும் உண்டு. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்.

இந்த டெஸ்ட் இருப்பதன் நோக்கம், ‘உன் கணினி தப்பான கணக்குப் போட்டால் எங்க நேரத்தை வீணாக்காதே’ என்பது. தகுதியில்லாததை வடிகட்டும் சல்லடை. ஓவர்க்ளாக்கர்கள் அதையே தலைகீழாக, தகுதிச் சான்றிதழாக வாசித்தார்கள். சல்லடையில் தங்காத கல்லை எல்லாம் அரிசி என்று சொன்ன மாதிரி.

ஒரு ருசிகரமான தகவல். மேலே சொன்ன 8,25,89,933 என்ற அடுக்கு சும்மா எடுத்தது இல்லை. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த பேட்ரிக் லரோஷ் அதைப் பகா எண் என்று கண்டுபிடித்தார். அவர் அதற்கு முன்னால் இந்த மென்பொருளைத் தான் கட்டும் கணினிகளுக்கு இலவச ஸ்ட்ரெஸ் டெஸ்டாகப் பயன்படுத்தியவர். கண்டுபிடித்த கணினி ஒரு ஐ5-4590டி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதாரண ரகம். 12 நாள் அமைதியாக ஓடிக் கண்டுபிடித்தது. அதன் பிறகும் அந்த விடையை யாரும் அப்படியே நம்பவில்லை. வேறு மென்பொருட்களில், வேறு வன்பொருட்களில் மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் அறிவித்தார்கள்.

முதல் குறை: மணிக்கணக்கு

‘12 மணி நேரம் பிழையில்லை’ என்பது எவ்வளவு பெரிய சாட்சி? இதற்குப் புள்ளியியலில் ஒரு நாட்டு வைத்தியக் கணக்கு உண்டு. பிழை எப்போது வேண்டுமானாலும் சமவாய்ப்பில் வரும் என்று வைத்துக்கொள்வோம். சோதனை நேரத்தில் பிழையே வராவிட்டால், அந்த நேரத்தை 3-ஆல் வகுக்கணும். ‘சராசரியாக இத்தனை மணி நேரத்துக்கு ஒரு பிழைக்கு மேல் இருக்காது’ என்று 95 சதவீத நம்பிக்கையோடு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. அதாவது என்னுடைய பெருமைக்குரிய ஸ்க்ரீன்ஷாட் சொன்னது இதுதான்: இந்தக் கணினி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தப்புப் பண்ணாது. நாலு மணி நேரம்! இதற்கா இவ்வளவு ஆட்டம்?

வேறு மாதிரிப் பார்ப்போம். சராசரியாக 12 மணி நேரத்துக்கு ஒரு பிழை விடுகிற கணினி, 12 மணி நேர டெஸ்டில் 100-க்கு 37 தடவை பாஸாகிவிடும். வாரத்துக்கு ஒரு பிழை விடுகிற கணினி, 24 மணி நேர டெஸ்டில் 100-க்கு 87 தடவை டிஸ்டிங்ஷனில் பாஸாகும். வாரத்துக்கு ஒரு பிழை என்றால் வருஷத்துக்கு 52. அதில் எது பேரேட்டில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

இதோடு இன்னொரு கோணலும் சேர்கிறது. நாம எப்படி டெஸ்ட் பண்றோம்? 4.7 வைத்தேன், பத்து நிமிஷத்தில் ஃபெயில். 4.6, ஒரு மணி நேரத்தில் ஃபெயில். மின்னழுத்தம் கொஞ்சம் கூட்டினேன், நாலு மணி நேரத்தில் ஃபெயில். 4.5, 12 மணி நேரம் பாஸ். உடனே நிறுத்திவிட்டேன்! பாஸ் ஆகும் வரை எழுதுகிற பரீட்சை இது. இப்படித் தேர்ந்தெடுத்தால் கையில் மிஞ்சுவது விளிம்பில் நிற்கிற அமைப்புதான்.

இரண்டாவது குறை: சோதித்தது வேறு, ஓட்டியது வேறு

‘ப்ரைம்95 தாங்கினால் எதையும் தாங்கும்’ என்பது பரவலான வாதம். அது கொடுக்கிற சூட்டை வேறெந்த வேலையும் கொடுக்காது என்பது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் பெரிய சூடு மட்டுமே கஷ்டமான பரீட்சை இல்லை.

ரைசன் 5000 வரிசையில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி வந்தபோது இது நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக மின்னழுத்தத்தைக் குறைக்கிற வசதி அது. எல்லாக் கோரிலும் ப்ரைம்95 ஓட்டினால் சூடும் மின்சார வரம்பும் சேர்ந்து வேகத்தை இறக்கிவிடும். இறங்கிய வேகத்தில் கோர் பத்திரமாக இருக்கும். டெஸ்ட்டை நிறுத்திவிட்டு பிரவுசரைத் திறந்தால், ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். அங்கேதான் விழும். ராத்திரி முழுக்க டெஸ்ட் தாங்கிய கணினி, காலையில் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். இதற்காகவே கோர்சைக்ளர் என்று ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வந்தது. ப்ரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் மாற்றி மாற்றி ஓட்டும். நல்ல யோசனை. ஆனால் பழைய டெஸ்ட் எதை விட்டுவிட்டது என்பதற்கு அதுவே வாக்குமூலம்.

என் விஷயத்திலும் இதே கதை. ஃபூரியே மாற்றம் மிதவைப் புள்ளி அலகைப் போட்டு வறுக்கிறது. 7-ஜிப் செய்வது முழு எண் ஒப்பீடு, நினைவகத்தில் தாவித் தாவித் தேடல், திசை மாறிக்கொண்டே இருக்கும் கிளைகள். அது போகும் பாதைகள் வேறு.

மூன்றாவது குறை: டிசம்பரும் மேயும்

நான் டெஸ்ட் பண்ணியது டிசம்பர் ராத்திரி. பேரேடுகளைச் சுருக்கியது மே மாத மத்தியானம், ஏசி இல்லாத அறையில். அறை பத்து டிகிரி கூடுதல் சூடு என்றால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடுதல் சூடு. வழிகாட்டிக் கட்டுரைகளில் எத்தனை மணி நேரம், எத்தனை வோல்ட் எல்லாம் இருக்கும். அறை வெப்பநிலையை எழுதுகிறவர்கள் குறைவு. குளிர் நாட்டு வீட்டில் எழுதிய எண்ணை நம்ம ஊர் மே மாசத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பருவம் மட்டும் இல்லை, வயசும் உண்டு. அதிக மின்னழுத்தமும் சூடும் டிரான்சிஸ்டர்களைத் தேய்க்கும். அதே வேகத்துக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். இதற்கு அண்மைய பெரிய சாட்சி இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள். 2024-ல் அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தது. சில சூழல்களில் ப்ராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியிருக்கிறது. அதனால் கோரில் இருக்கும் க்ளாக் சுற்று தேய்ந்து, வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் மேலே நகர்ந்துவிட்டது. மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன, உத்தரவாதம் இரண்டு வருஷம் நீட்டப்பட்டது. தேய்ந்துபோன சிப்பை மைக்ரோகோட் சரி பண்ணாது என்பதும் தெளிவானது.

அந்த விவகாரத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம், கோளாறு முதலில் எங்கே தெரிந்தது என்பது. பல கேம்கள் தொடங்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று தப்பான ஒரு செய்தியோடு விழுந்தன. உண்மையில் தப்பியது, கேம் கோப்புகளை விரிக்கிற ஊடில் என்ற மென்பொருள் பகுதி. விரிக்கும்போது அது தரவைச் சரிபார்க்கும், அதனால் சிப்பின் தப்பு அங்கே மாட்டிக்கொண்டது. சுருக்குவதும் விரிப்பதும்தான் அங்கேயும் காட்டிக்கொடுத்தது.

அப்போ ஓவர்க்ளாக் பண்ணாட்டி பத்திரமா?

‘இதுக்குத்தான் சொல்றேன், கம்பெனி வச்ச வேகத்துல விடு’ என்று இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள். அது பெருமளவுக்குச் சரி. முழுக்கச் சரி இல்லை.

2000 ஜூலை கடைசியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-ஐ அறிவித்தது. டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தின் தாமஸ் பாப்ஸ்டும், ஹார்டுஓசிபி தளத்தின் கைல் பென்னட்டும் அது நிலையாக ஓடவில்லை என்று காட்டினார்கள். பாப்ஸ்டின் சோதனையில் லினக்ஸ் கெர்னலை கம்பைல் பண்ணவே முடியவில்லை. அதே ஆகஸ்ட் கடைசியில் சிப் திரும்பப் பெறப்பட்டது. தயாரிப்பாளரே இடைவெளியைத் தின்றால் நடப்பது இதுதான். மாட்டிவிட்டது கம்பைலர், அதாவது நிஜ வேலை.

2016 ஜனவரியில் ஸ்கைலேக் ப்ராசஸர்கள் ஓவர்க்ளாக் இல்லாமலே ப்ரைம்95-ன் ஒரு குறிப்பிட்ட அடுக்கில் உறைந்து நின்றன. இன்டெல் ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தியது. 1994-ல் பென்டியத்தின் வகுத்தல் பிழையைப் பிடித்த தாமஸ் நைஸ்லியும் பகா எண்களின் பின்னால் போனவர்தான். இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தவர், விடை இடிக்கிறதே என்று தேடிப் போய்ச் சிப்பைப் பிடித்தார்.

2021-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரை இன்னும் கலக்கம் தருவது. அவர்களுடைய ஒரு சர்வரில் ஒரே ஒரு கோர் மட்டும், 1.1-ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 வருவதற்குப் பதிலாக 0 கொடுத்தது. 52 அடுக்குக்குச் சரியான விடை கொடுக்கிற கோர் 53-க்குத் தப்பலாம் என்கிற மாதிரியான கோளாறு இது. கோப்பை விரிக்கும்போது அதன் அளவு 0 என்று வந்ததால், இருக்கிற கோப்பு இல்லை என்று ஆனது. அதே வருஷம் கூகுள் பொறியாளர்களும் தங்கள் கட்டுரையில், சில ஆயிரம் கணினிகளுக்குச் சில கோர்கள் இப்படிச் சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடுகின்றன என்றார்கள். கிராஷ் இல்லை, நீலத் திரை இல்லை. விடை மட்டும் தப்பு.

ஆகவே ஸ்டாக் வேகம் என்பதும் ஒரு சான்றிதழ்தான். நம்முடையதை விட ரொம்ப நம்பகமான சான்றிதழ், ஆனாலும் சான்றிதழ்.

கணிதக்காரங்க அடுத்து என்ன செய்தாங்க?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ‘நிலையான கணினி எது’ என்ற கேள்வியை நாம பிடித்துக்கொண்டு தொங்கும்போது, அதை நமக்குக் கொடுத்தவர்கள் அதைவிட்டே நகர்ந்துவிட்டார்கள்.

2017-ல் ராபர்ட் கெர்பிச் ஒரு சரிபார்ப்பு முறையைச் சொன்னார். திரும்பத் திரும்ப வர்க்கமாக்குகிற கணக்கில், வழியில் கிடைக்கும் மதிப்புகளை ஒன்றாகப் பெருக்கிக்கொண்டே வந்தால், அந்தப் பெருக்கலைக் கொண்டே கணக்கு இதுவரை சரியா என்று குறைந்த செலவில் பார்த்துவிடலாம். தப்பு என்றால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து ஓடலாம். 2020-லிருந்து இன்னொரு படி போனார்கள். கணக்கைப் போடும் கணினி கூடவே ஒரு சான்றும் கொடுக்கும். முழுக் கணக்கையும் மறுபடி போடாமலே இன்னொருவர் அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

கணினி சந்தேகத்துக்குரியதா? இருக்கட்டும். விடை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதா என்று மட்டும் பார். இதுதான் அவர்கள் வந்து சேர்ந்த இடம். நாம இன்னும் அவர்களுடைய 1990-களின் கருவியை ஓட்டி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் கணினியை மறுபடி விசாரித்தேன்

அந்தப் பழைய கணினி இன்னும் பரணில்தான் இருந்தது. பயாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த மல்டிப்ளையரையும் வோல்ட்டையும் மறுபடி போட்டேன். ஒரு பேரேட்டின் அளவுள்ள டிஃப் கோப்புகளைச் சுருக்கி, விரித்து, ஒப்பிடுகிற ஒரு சின்ன ஸ்க்ரிப்ட். 4.5 கிகாஹெர்ட்ஸில் 60 தடவை ஓடவிட்டதில் 2 தடவை தப்பு. ஸ்டாக் வேகத்தில் 60 தடவை ஓட்டினேன், தப்பே இல்லை.

‘ஆச்சு, நிரூபணம்’ என்று எழுந்திருக்கப் போனவன் உட்கார்ந்தேன். முப்பதுக்கு ஒரு தடவை தப்புகிற கணினி, அதிர்ஷ்டவசமாக 60 தடவை தப்பாமல் போக 100-க்கு 13 வாய்ப்பு இருக்கிறது. இதைத்தானே மேலே குறை சொன்னேன்? ஸ்டாக்கில் 200 தடவை வரை ஓடவிட்டேன். அப்போதும் தப்பு இல்லை. இது அதிர்ஷ்டத்தால் நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். இது எனக்குப் போதும்.

ஆனாலும் இது காட்டுவது இன்றைய கணினியை. இத்தனை வருஷத்தில் சிப் தேய்ந்திருக்கலாம். 2013 மேயில் நடந்தது இதேதான் என்று சத்தியம் பண்ண முடியாது. சந்தேகம் பலமானது, அவ்வளவுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. 7-ஜிப்பில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சுருக்கிய கோப்பை விரித்துப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லும். பேரேட்டுக்கு இரண்டு நிமிஷம், 14-க்கும் அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. கணினியைச் சோதிக்க 12 மணி நேரம் கொடுத்தவன், கோப்பைச் சோதிக்க அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. கணினிதான் ஏற்கெனவே ‘ஸ்டேபிள்’ ஆச்சே!

முடிவாக

ஓவர்க்ளாக்கிங் கூடாது என்று நான் சொல்லவில்லை. திரவ நைட்ரஜன் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறவர்களிடம் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர்களுக்கு ஒரு நொடி, ஒரு சரிபார்த்த எண் போதும். அதற்கு மேல் அவர்களும் எதையும் சொல்லிக்கொள்வதில்லை. கேம் மட்டும் விளையாடுகிற கணினி மாசத்துக்கு ஒரு தடவை விழுந்தால் எழுப்பிக்கொள்ளலாம். என் விமர்சனம் அந்தச் சொல்லின் மீதுதான். ‘ஸ்டேபிள்’ என்பது கணினியின் குணம் மாதிரி ஒலிக்கிறது. ‘இன்ன மென்பொருள், இத்தனை மணி நேரம், இன்ன அறைச் சூட்டில், இன்ன தேதியில் பிழை காட்டவில்லை’ என்பதுதான் அதன் முழு அர்த்தம். அந்த நீளமான வாக்கியத்தை எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இப்போது என் கணினி ஸ்டாக் வேகத்தில், பிழை திருத்தும் ஈசிசி நினைவகத்தோடு ஓடுகிறது. அதையும் நான் நம்புவதில்லை. ஸ்கேன் பண்ணியதும் ஹாஷ். சுருக்கியதும் டெஸ்ட். வேறொரு கணினியில் விரித்து மறுபடி ஹாஷ். இரண்டும் பொருந்திய பிறகுதான் மூலத்தை அழிப்பது. காகிதத்தை மட்டும் எப்போதும் அழிப்பதில்லை.

1956-லும் 1961-லும் நெல் என்ன விலை விற்றது என்பதை அரசுப் புள்ளிவிவரத்தில் தேடி எடுத்துவிடலாம். எங்க தாத்தா அந்த வருஷங்களில் யாருக்குக் கடன் கொடுத்தார், யாருடைய கணக்கை அடித்துவிட்டார் என்பது வேறெங்கேயும் இல்லை. நெல் விலை அட்டவணையை அடுத்த குறிப்பில் போடுகிறேன். அந்த இரண்டு வருஷத்துக்கும் தேறிய பக்கங்கள் வரைதான் இருக்கும்.